கரடி குகையில் வெள்ளைப் பூஞ்சணம்

பூவாத்தா என்ற கரடி மருந்துக்காரி. மலையடிவாரக் காட்டில், ஒரு குகைக்குள் தேன் தடவிய இலைகளைப் பரப்பி, அவற்றின்மேல் வெள்ளைப் பூஞ்சணம் வளர்ப்பாள். எப்பேர்ப்பட்ட காய்ச்சலும் அதில் ஒரு வாய் தின்றால் இறங்கிவிடும்.

அந்த மழைக்காலத்தில் காடு முழுக்கக் காய்ச்சல். அவள் ஒருத்தி எத்தனை பேருக்குத்தான் மருந்து வளர்ப்பாள்? கைவேகம் இருந்தால் போதும் என்று குரங்குகளை வேலைக்குச் சேர்த்தாள். சேர்த்த அன்றே குகைக்குள் விட்டுவிட்டாள்.

சுறுசுறுப்புக்குக் குறைச்சலே இல்லை. பேன் பார்த்த கையோடு வந்து பூஞ்சணத்தைப் புரட்டின. நான்கே நாளில் இலைகள் எல்லாம் கறுத்து நாறின. தேறியது ஒரே ஒரு இலை.

பூவாத்தாவின் குட்டியும் காய்ச்சலில் கிடந்தது. இரண்டு நாளாகக் கண் திறக்கவில்லை. மிஞ்சிய இலையில் அதற்கு ஒரு வாய்க்குக்கூடப் பூஞ்சணம் இல்லை. அதை வைத்துப் புதிதாக வளர்த்தால்தான் உண்டு.

"தண்டச்சோறுங்களா! எல்லாம் போங்க வெளியே!" என்று குரங்குகளை விரட்டினாள். கோபம் வந்தால் அவளுக்கு இரட்டைப் பசி எடுக்கும். பக்கத்தில் இருந்த கறையான் புற்றை நகத்தால் ஒரே பிளவாகப் பிளந்தாள்.

"யக்கா, நில்லு!" உள்ளேயிருந்து ஒரு கறையான் கத்தியது. "என்னைத் தின்னுறதுன்னா தின்னுக்கோ. எங்க தோட்டத்துமேல மட்டும் மூச்சு விட்டுடாதே!"

பூவாத்தா திகைத்துப்போனாள். உயிர் போகிற நேரத்தில் தோட்டமா? மூச்சை அடக்கிக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

அடேயப்பா! அடுக்கடுக்காக மண் அறைகள். ஒவ்வொன்றிலும் வெள்ளைவெளேரென்று பூஞ்சணம்! கறுப்பாக ஒரு பொட்டு இல்லை. ஆயிரமாயிரம் கறையான்கள் ஒன்றையொன்று இடிக்காமல் போயின, வந்தன. அறை வாசலில் ஒவ்வொன்றையும் இன்னொன்று தலைமுதல் கால்வரை துடைத்த பிறகே உள்ளே விட்டது. இத்தனைக்கும் அவற்றில் ஒன்றுக்கும் கண் தெரியாது! பூவாத்தாவுக்கு மேனியெல்லாம் சிலிர்த்தது. பசி போன இடம் தெரியவில்லை. இவர்களையா இத்தனை நாள் வாயில் அள்ளிப் போட்டோம் என்று கூசிப்போனாள்.

"தாயே! பிறக்கும்போதே இதெல்லாம் தெரியுமா உங்களுக்கு?"

"யாருக்கு யக்கா பிறக்கும்போதே தெரியும்? முதல்ல துடைக்கப் பழகணும். அது சரியா வந்தாத்தான் தோட்டத்துக்குள்ள போகலாம். வராட்டி மறுபடியும் பழகணும், அவ்வளவுதான்."

"அப்போ ஒரு ஆயிரம் பேர் என் குகைக்கு வாங்களேன்! என் குரங்குங்க ஒண்ணுத்துக்கும் ஆகாது!"

"புத்தை விட்டு வந்தா நாங்க காஞ்சு செத்துருவோம். குரங்குக்கு அஞ்சு விரல் இருக்கு, ரெண்டு கண்ணு இருக்கு. நீ என்னிக்காவது அதுங்களுக்குச் சொல்லிக்குடுத்தியா?"

பூவாத்தா யோசித்துப் பார்த்தாள். திட்டியது நினைவிருந்தது. சொல்லிக்கொடுத்ததாக நினைவில்லை. பிளந்த இடத்தை ஈரமண் வைத்து அடைத்துவிட்டு ஓடினாள்.

மரத்தடியில் நனைந்துகொண்டிருந்த குரங்குகளிடம், "தப்பு என்மேலதான். வாங்கப்பா!" என்றாள்.

அன்று முழுக்கப் பூஞ்சணத்தின் பக்கமே யாரையும் விடவில்லை. குரங்குகள் ஓடையில் கை கழுவின. ஒன்றின் கையை இன்னொன்று முகர்ந்து பார்த்தது. நகக்கண்ணில் அழுக்கு இருந்தால் திரும்பவும் ஓடைக்கு! மறுநாள், அதிகம் திட்டு வாங்கிய மாடத்தி என்ற குரங்கு அந்த ஒற்றை இலைப் பூஞ்சணத்தைக் கிள்ளிக் கிள்ளிப் புது இலைகளில் வைத்தது. பூவாத்தாவுடைய பிள்ளையின் உயிரே அந்த விரல்நுனியில் இருந்தது.

ஐந்தாம் நாள் காலையில் குட்டி முனகக்கூட இல்லை. பூவாத்தா பதறியடித்துக்கொண்டு குகைக்கு ஓடினாள். வாசலில் மாடத்தி இரண்டு கையையும் விரித்து மறித்தது.

"கையைக் கழுவிட்டு வா, யக்கா!"

"ஏய், என் புள்ள சாகக் கிடக்கு!"

"அதுக்குத்தான் சொல்றேன்!"

அதன் தோளுக்கு மேலாகப் பூவாத்தா பார்த்தாள். தரையெல்லாம் வெள்ளை! சுவர் ஓரம்வரைக்கும் வெள்ளை! காட்டுக்கே போதுமான மருந்து! அவளுக்குக் கண்ணீர் வந்தது. ஓடைக்கு ஓடி, நகக்கண்வரை தேய்த்துக் கழுவி, இரண்டு கைகளையும் மாடத்தியிடம் நீட்டினாள். மாடத்தி முகர்ந்து பார்த்துவிட்டு வழிவிட்டது. அந்தப் பூஞ்சணத்தை ஒரு வாய் தின்ற குட்டி, அன்று மாலையே கண்ணைத் திறந்தது.

நல்ல வேலையாட்கள் கிடைக்கவில்லையே என்று புலம்புகிறவர், இருப்பவர்களுக்குப் பொறுமையாகக் கற்றுக்கொடுத்தால், உயிர்காக்கும் கைகள் தம் பக்கத்திலேயே இருப்பதைக் காண்பார்.