மைக்கில் கூப்பிட்ட பேர்

மில் தெருவில் ஒலிபெருக்கிக் கடை வைத்திருந்த செங்கோடனுக்கு ஒரு வருத்தம் இருந்தது. அதைச் சொல்ல ஊரில் அவனுக்கு ஒரே ஒருவர்தான். ஆசான் வையாபுரி. நாற்பது ஆண்டுகள் தொழிற்சங்கம் நடத்தியவர். அவர் பேசிய மேடைகளுக்கு மைக் கட்டித்தான் செங்கோடன் தொழில் கற்றான். அரசியலும் அங்கேதான் கற்றான். இப்போது அவனுக்கும் ஐம்பது தாண்டிவிட்டது.

ஒரு காலையில் ஆசான் கடைக்கு வந்தபோது கேட்டுவிட்டான்.

"ஏனுங்க தோழர், நான் செஞ்சதுல என்ன குத்தம்?"

"என்ன செஞ்சே?"

"வருசத்துல ஒரு மாச மைக்செட் வாடகையை எடுத்து வெச்சு, படிக்கிற பிள்ளைங்களுக்கு, வீட்டுக் கஷ்டத்தைச் சொல்லி மைக்ல பேர் கூப்பிட்டுக் கொடுக்கறேன். நான் மேடை போடறதைப் பார்த்து மளிகைக்கடை, பேக்கரி எல்லாரும் கொடுக்கறாங்க. நாளைக்கு விழா. நம்ம தெரு பாவாத்தா மகள் தாரணிக்கு நர்சிங் காலேஜ்ல பணம் கட்டணும். நாளான்னைக்குக் கடைசி நாள். அந்தம்மா மேடைக்கு வரமாட்டேங்குது. பிள்ளையை மில்லுக்கே அனுப்பிக்கறேன்னு சொல்லுது."

"உன் மைக் வேலை செய்யுதா?"

"செய்யுதுங்க."

"போடு."

வாசலில் கட்டியிருந்த குழாய் ஒலிபெருக்கியில் இணைத்துக் கொடுத்தான். ஆசான் தொண்டையைச் செருமினார். பழைய குரல் அப்படியே வந்தது.

"பொதுமக்களுக்கு ஓர் அறிவிப்பு! இந்தக் கடை முதலாளி செங்கோடன், மனைவி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, சோற்றுக்கு வழியில்லாமல் சங்க ஆபீசுக்கு வந்து அழுதார். நாற்பது நாள் அவர் குடும்பத்துக்குச் சங்கம் சோறு போட்டது. செங்கோடன் அவர்களே, முன்னால் வந்து..."

செங்கோடன் வயரைப் பிடுங்கினான். எதிர் டீக்கடையில் நாலு பேர் எழுந்து நின்று பார்த்தார்கள்.

"என்னுங்க முதலாளி, சாப்பாடு நல்லா இருந்துச்சுங்களா?" என்று ஒருவன் கத்தினான்.

"ஏன் பிடுங்கினே? பொய் சொன்னேனா?" என்றார் ஆசான்.

"இல்லீங்க."

"கூட்டிச் சொன்னேனா?"

"தோழர், எதிர்க்க என் சம்பந்தி உக்காந்திருக்காருங்க."

"அந்தம்மாவுக்கும் எதிர்க்க யாராவது உக்காந்திருப்பாங்க."

செங்கோடன் முகம் சிவந்தது.

"இதைக் கத்துக் கொடுத்ததே நீங்கதானுங்க. பெரிய வேலைநிறுத்தத்துல அரிசி கொடுத்தப்ப, ஒவ்வொருத்தர் பேரா மைக்ல கூப்பிட்டது யாரு? நான்தானே வயரைப் பிடிச்சுக்கிட்டு நின்னேன்?"

ஆசான் பெஞ்சில் உட்கார்ந்தார்.

"நான்தான். சங்கம் கொடுக்குது, மில் முதலாளி காதுல விழட்டும்னு நினைச்சேன். மாரப்பன் ஞாபகம் இருக்கா?"

"கருங்காலி மாரப்பன்."

"முதல் வாரம், 'அஞ்சு பிள்ளைகளோடு பட்டினி கிடக்கும் தோழர் மாரப்பன்'னு கூப்பிட்டேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டு வந்து வாங்கிட்டுப் போனான். அடுத்த வாரம் வரல. மறுநாள் மில்லுக்குள்ள போயிட்டான். அவன் பின்னாலயே எத்தனை பேர்! போலீஸ் தடிக்கு உடையாத வேலைநிறுத்தம் அது. துரோகிகளால தோத்தோம்னு துண்டறிக்கை போட்டேன். அவன் வீட்டுச் சுவத்துல கருங்காலின்னு தாரால எழுதினதும் நான்தான்."

"அவரு ஒண்ணும் கேக்கலீங்களா?"

"சாகற வரைக்கும் அதை அழிக்கல."

மேசைமேல் நாளைக்கு வாங்க வருகிறவர்களின் பட்டியல் இருந்தது. செங்கோடன் அதை எடுத்து மடித்தான்.

"பேரெல்லாம் கூப்பிட்டு, போட்டோ எடுக்காட்டி, அடுத்த வருசம் பேக்கரிக்காரர் கொடுக்க மாட்டாருங்க."

"மாட்டார்."

"இப்பவே நான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தா, அந்தம்மா வாங்கிக்குமுங்களா?"

"தெரியாது."

செங்கோடன் தாரணிக்கு வைத்திருந்த பணக் கவரைச் சட்டைப்பைக்குள் வைத்தான். வண்டியைத் தெருவில் இறக்கியவன் திரும்பிப் பார்த்தான்.

"மாரப்பன் வீட்டுக்கு நீங்க அப்புறம் போகவே இல்லீங்களா?"

"போனேன். அந்த வேலைநிறுத்தத்துக்காக ஜெயிலுக்குப் போய், வெளியே வந்த அன்னிக்கு. மன்னிப்புக் கேக்க இல்ல, சண்டை போடத்தான் போனேன். அவன் ஷிப்டுக்குப் போயிருந்தான். அவன் பெண்டாட்டி பசியில காஞ்ச என் மூஞ்சியைப் பார்த்தா. உள்ளே உக்காரவெச்சு, தட்டுல சோறு போட்டா. அப்புறம் போய்க் கதவைச் சாத்தினா. 'சாப்புடுங்கண்ணா, அவருகிட்டக்கூடச் சொல்லமாட்டேன்'னா."