கயிற்றுக்கு எந்த நிறச் சீட்டு?

முன்னொரு காலத்தில் ஒரு ராஜாவுக்குத் தன் அரண்மனையில் எத்தனை சுருள் கயிறு இருக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆசை வந்தது. சின்ன ஆசைதான். அதுதான் ஒருவர் தலைக்கே உலை வைத்தது.

கயிறு திரிக்கும் ஈரப்பன், "நூறு சுருள் செஞ்சு வச்சிருக்கேன் மகாராஜா" என்றான். கட்டில் கொட்டகையில் காளத்தி ஆசாரி, "கட்டில் பின்ன நூறு சுருள் இருக்குங்க" என்றார். கிணற்றடிக்காரனும் தண்ணீர் இறைக்க நூறு சுருள் என்றான். ராஜா முந்நூறு என்று மகிழ்ந்தார். போய்ப் பார்த்தால் மொத்தமே நூறுதான். ஒரே கயிற்றை மூன்று பேரும் தங்கள் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

ராஜாவுக்குக் கோபம் பொங்கியது.

"இனிமே அரண்மனையில எல்லாப் பொருளுக்கும் ஓலைச் சீட்டு கட்டணும். மூலப்பொருளுக்குச் சிவப்பு. செஞ்சு முடிச்ச சரக்குக்கு வெள்ளை. வேலைக்கு உதவித் தேயுற சாமானுக்குக் கறுப்பு. ஒரு பொருளுக்கு ஒரே சீட்டுதான்!"

பண்டகசாலை மந்திரி அகண்டமூர்த்தி எழுந்தார். ராஜா தன் வெற்றிலைப் பெட்டியை விகடகவி சிங்காரத்துக்கு மட்டும் நீட்டுவதைப் பார்த்துப் பார்த்து வயிறு எரிந்தவர் அவர்.

"அரசே, இதற்குச் சிங்காரம்தான் தகுந்தவர். ஒரு பொருளில் சீட்டு தவறினாலும் என்ன தண்டனை என்று இப்போதே சொல்லிவிடுங்கள்."

"தலை!" என்றார் ராஜா.

சொன்ன பிறகு அவருக்கே திக்கென்றது. ஆனால் சபையில் சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியுமா?

சிங்காரத்துக்குச் சோறு இறங்கவில்லை. கயிறு ஈரப்பனுக்குச் செய்து முடித்த சரக்கு. ஆசாரிக்கு மூலப்பொருள். கிணற்றுக்குத் தேயும் சாமான். மூன்று நிறமும் சரி. கட்ட வேண்டியதோ ஒன்று.

"என்ன சிங்காரம், சிரிப்பு வரலையா?" என்று மந்திரி சீண்டினார்.

"வருதுங்க. கழுத்துக்கிட்ட வந்து நின்னுக்கிட்டிருக்கு."

சிங்காரம் யோசித்து யோசித்து, ஒவ்வொரு கொட்டகை வாசலிலும் கூடை நிறையச் சீட்டோடு ஒரு காவலாளை உட்கார வைத்தார்.

சோதனை நாள் வந்தது. மந்திரி நேராகக் கட்டில் கொட்டகைக்குள் நுழைந்தார். குவியலில் கைவிட்டு ஒரு சுருளை இழுத்தார். அதில் வெள்ளைச் சீட்டு தொங்கியது.

"பாருங்கள் அரசே! கட்டிலுக்கு வைத்த மூலப்பொருளில் வெள்ளைச் சீட்டு!"

காவலர் சிங்காரத்தின் தோளை அழுத்தி மண்டியிட வைத்தார்கள். வாள் உறையை விட்டு வெளியே வந்தது. ராஜா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"மகாராஜா, ஈரப்பன் கொட்டகையிலேருந்து ஒரே ஒரு சுருள் இங்க கொண்டாரச் சொல்லுங்க. அப்புறம் வெட்டுங்க."

ஈரப்பன் ஒரு சுருளைத் தூக்கிக்கொண்டு கிளம்பினான். அவன் கொட்டகை வாசலில் காவலாள் வெள்ளைச் சீட்டை அறுத்துக் கூடையில் போட்டான். கட்டில் கொட்டகை வாசலில் இன்னொருவன் சிவப்புச் சீட்டைக் கட்டினான்.

"கோயிலுக்குப் போறவங்க செருப்பை வாசல்ல விடுவாங்கல்ல, அதே மாதிரிதான் மகாராஜா. பழைய சீட்டு வாசலோட சரி. எந்தக் கூரைக்குக் கீழ இருக்கோ அந்த வேலையோட சீட்டு மட்டும்தான் இருக்கும். எப்பப் பார்த்தாலும் ஒண்ணே ஒண்ணு."

"அப்படியானால் இந்த வெள்ளைச் சீட்டு எப்படி வந்தது?" என்று மந்திரி கத்தினார்.

"அதைத்தான் நானும் கேக்குறேன். வாசல் வழியா வந்திருந்தா சிவப்பா மாறியிருக்குமே. இந்தச் சுருள் வாசல் வழியா வரலை."

எல்லோர் கண்ணும் சன்னல் பக்கம் போனது.

"ஆசாரி, யார் கொண்டுவந்தது?" என்றார் ராஜா.

காளத்தி ஆசாரி மந்திரியைப் பார்த்தார். வாள் இன்னும் சிங்காரத்தின் தலைக்கு மேலேயே நின்றது. ஆசாரி அதையும் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிட்டார்.

"மந்திரி ஐயாதாங்க! காலையில சன்னல் வழியா வீசினாங்க. வாயைத் திறந்தா வீட்டை இடிச்சுடுவேன்னாங்க."

ராஜா எழுந்தார். அவர் கை காட்ட, வாள் மந்திரி பக்கம் திரும்பியது.

"சிங்காரம், இந்த ஆளுக்கு என்ன சீட்டு கட்டலாம்?"

சிங்காரம் முட்டியைத் தட்டிக்கொண்டு எழுந்தார். மந்திரியை ஒரு சுற்றுச் சுற்றிவந்தார்.

"மூலப்பொருள்னா இவரை வச்சு ஏதாவது செய்யலாம். முடியாதுங்க. செஞ்சு முடிச்ச சரக்குன்னு சொன்னா, பெத்தவங்க வருத்தப்படுவாங்க. வேலை செஞ்சு தேயுற சாமானா? இத்தனை வருஷத்துல எங்கயும் தேஞ்ச மாதிரி தெரியலையே மகாராஜா!"

ராஜாவுக்கு அடக்க முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். வாள் உறைக்குள் போனது.

"தேயலையா? தேய வச்சுட்டாப் போச்சு! கறுப்புச் சீட்டே கட்டுங்க!"

தன் முத்துமாலையைக் கழற்றிச் சிங்காரத்துக்குப் போட்டார். பண்டகசாலைச் சாவியையும் அவர் கையிலேயே கொடுத்தார்.

அகண்டமூர்த்தி கழுத்தில் கறுப்புச் சீட்டோடு கிணற்றடிக்குப் போனார். அன்றைக்கு அரண்மனைத் தொட்டிகள் எல்லாம் நிரம்பும்வரை தண்ணீர் இறைத்தது அவர்தான்.