தீர்ந்துபோன குன்றிமணிகள்

கருங்குன்றில் ஒரு குரங்கும், ஒரு கரடியும், ஒரு மயிலும், குட்டியோடு ஒரு சருகுமானும் வாழ்ந்துவந்தன. மழைக்காலத்தில் குன்றைச் சுற்றி ஆறு பெருகிவிடும். ஒரு மாதம் யாரும் கீழே இறங்க முடியாது. அதனால் ஒவ்வொன்றும் தன் குகையில் தீனி சேர்த்து வைக்கும். குறைந்தால் அக்கரைக்குப் போய்க் கொண்டுவருவது, அந்தக் குன்றிலேயே வாழ்ந்த பெண் யானையின் வேலை.

யானைக்குப் பெரிய காது. அதில் எல்லாரும் ஒரே நேரத்தில் கத்தினார்கள்.

"பேச்சே வேண்டாம்! பார்த்ததும் தெரிகிற மாதிரி ஒரு பலகை வையுங்கள்" என்று யானை பிளிறியது.

அப்படி வந்ததுதான் இருப்புப் பலகை. சரியாகச் சொன்னால் அது பலகையே அல்ல, தட்டைப் பாறை. அதில் குகைக்கு ஒன்றாக நான்கு குழிகள். குழி காலி என்றால் குறையில்லை. குழியில் சிவப்புக் குன்றிமணி கிடந்தால் தீனி குறைகிறது என்று பொருள். மணிகளை ஒரு மரப்பொந்தில் வைத்துக்கொண்டு, கேட்பவருக்கு எடுத்துக் கொடுக்கும் பொறுப்பு அங்கேயே இருந்த உடும்புக்கு.

கொஞ்ச நாள் ஒழுங்காக நடந்தது. பிறகு குரங்கு யோசித்தது. 'ஒரு மணிக்கு நடந்து வருகிற யானை, மூன்று மணிக்கு ஓடி வருமே!' மூன்று வைத்தது. யானையும் ஓடித்தான் வந்தது. அதைப் பார்த்த கரடி ஐந்து வைத்தது. மயில் பத்து வைத்தது. "பார்க்கவும் அழகாக இருக்கிறது" என்றது. குரங்கு விடுமா? பிடி பிடியாக வாங்கி வந்து தன் குழியில் குவித்தது.

உடும்பு தடுக்கவில்லை. கேட்டால் கொடுப்பது விதி. விதியை உடும்பு எப்படிப் பிடித்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆற்றின் நடுவே ஆமைப்பாறை என்று ஒரு பாறை உண்டு. அது மூழ்கிவிட்டால் யானையாலும் கடக்க முடியாது. அன்று காலை பாறை இரண்டு சாண்தான் வெளியே தெரிந்தது. மழையோ விடவில்லை.

சருகுமான் மூச்சிரைக்க ஓடி வந்தது.

"உடும்பண்ணே! குகைக்குள் தண்ணீர் புகுந்துவிட்டது. சேர்த்து வைத்த அத்திப்பழமெல்லாம் அழுகிப்போச்சு. குட்டி நேற்றிலிருந்து ஒன்றும் தின்னவில்லை. ஒரே ஒரு குன்றிமணி கொடுங்கள்!"

உடும்பு பொந்துக்குள் தலையை விட்டது. வெளியே எடுத்தபோது அதன் முகம் வெளுத்திருந்தது.

"தீர்ந்துவிட்டது."

"என் தீனி தீர்ந்துவிட்டது என்று சொல்லக்கூட உங்களிடம் ஒரு மணி இல்லையா?"

எல்லார் இருப்பையும் கவனித்த உடும்பு, பொந்துக்குள் ஒரு நாளும் எட்டிப் பார்த்ததில்லை.

அதற்குள் யானை வந்துவிட்டது. "ஒரே நடைதான் போக முடியும். பாறை ஒரு சாணுக்கு வந்துவிட்டது. யாருக்கு?" என்று பலகையைப் பார்த்தது. குரங்கின் குழியில் மணிகள் குவிந்து வழிந்தன. சருகுமானின் குழி காலி.

"குரங்குக்குத்தான்!" என்று யானை திரும்பியது.

"யானையக்கா, என் குட்டி..."

"பேச்சு வேண்டாம். பலகையில் உனக்குக் குறையே இல்லையே!"

குட்டி ஈரப் பாறையை நக்கிக்கொண்டிருந்தது. உடும்பு அதைப் பார்த்தது. சட்டென்று வாலைச் சுழற்றி ஒரே வீச்சாக வீசியது. குன்றிமணிகள் அத்தனையும் ஆற்றில் போய் விழுந்தன.

"ஐயோ, என் மணி!" என்று குரங்கு அலறியது.

"இனி மணி கிடையாது. எத்தனை நாளைக்குத் தீனி இருக்கிறதோ, அத்தனை வெள்ளைக் கல்லை அவரவர் குழியில் வையுங்கள். யானையக்கா குகைக்குள் பார்ப்பார். சொன்னதைவிட அதிகம் இருந்தால், அதிகம் உள்ளது அவருக்கு!" என்றது உடும்பு.

"எனக்கும் பசிதான்" என்றது யானை.

குரங்கு இரண்டு கற்கள் வைத்தது. யானை அதன் குகைப் பக்கம் ஓர் அடி எடுத்து வைத்தது.

"இருங்க, இருங்க யானையக்கா! எண்ணிக்கையில் சின்னத் தப்பு!" என்று குரங்கு ஓடிப்போய்க் கல் பொறுக்கியது. ஐந்து, எட்டு, பன்னிரண்டு. கரடி பதினைந்து வைத்தது. மயில் ஒன்பது வைத்து, "தோகை மறைத்ததில் முன்பு சரியாகத் தெரியவில்லை" என்றது.

சருகுமான் வைக்கவில்லை. அதற்கு வைக்க ஒன்றும் இல்லை. யானை அதன் குகை வாசலில் துதிக்கையை நீட்டி மோந்து பார்த்தது. அழுகிய நாற்றம் அடித்தது.

ஆமைப்பாறை நான்கு விரல் உயரம்தான் தெரிந்தது. யானை ஆற்றில் இறங்கியது.

எல்லாரும் கரையில் நின்றார்கள். பாறை மூன்று விரல் ஆயிற்று. இரண்டு ஆயிற்று. பிறகு காணாமலே போயிற்று. குரங்கு கண்ணை மூடிக்கொண்டது. அதன் கை தானாக மடிக்குள் போய், ஒளித்து வைத்திருந்த இலந்தைப் பழங்களை எடுத்துக் குட்டியின் முன்னால் போட்டது. "இதை எண்ணாதீங்க அண்ணே" என்று முணுமுணுத்தது.

"அதோ!" என்று மயில் கத்தியது.

தண்ணீருக்கு மேல் ஒரு துதிக்கை மட்டும் தெரிந்தது. அதன் நுனியில் பழம் குலுங்கும் அத்திக் கிளை ஒன்று. கொஞ்சம் கொஞ்சமாக நெற்றி தெரிந்தது, பிறகு முதுகு, முதுகின் மேல் இன்னும் கிளைகள். யானை கரையேறித் தள்ளாடி நின்றது. குட்டி முதல் பழத்தைக் கடித்த சத்தம் மழையிலும் கேட்டது.

உடும்பு சருகுமானின் குழியில் எண்ணி எண்ணி இருபது வெள்ளைக் கற்கள் வைத்தது. பிறகு மிச்சக் கற்களைப் பொறுக்கிப் பொந்தில் சேர்த்துவிட்டு, பலகையின் ஓரத்தில் ஐந்தாவதாக ஒரு குழி தோண்டத் தொடங்கியது.

"இது யாருக்கு அண்ணே?" என்று கேட்டது குரங்கு.

"எனக்கு. பொந்தில் எத்தனை கல் மிச்சம் என்று இனி எல்லாரும் பார்க்கட்டும்."

எல்லாரும் தமக்கே அவசரம் என்று கூவினால், உண்மையிலேயே அவசரத்தில் இருப்பவரின் குரல்தான் முதலில் அமுங்கிப்போகும்.