பேச்சியம்மாவுக்கு ஒரு பந்து

"மேடம், நான் எப்ப ஞானதீபம் அக்கா மாதிரி ஆவேன்?"

ஜெசிந்தா கேட்டாள்.

பயிற்சியாளர் சொர்ணலதா வலையை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்.

தாமிரபரணிக் கரையில் இருந்த அந்தப் பெண்கள் கல்லூரிக்கு வாலிபால் என்றால் உயிர். அதிலும் செட்டர்கள் என்றால், அடிப்பவளுக்குப் பந்தை எடுத்துக் கொடுப்பவர்கள் என்றால், தனி மரியாதை.

சுண்டுவிரல் முறிந்த பிறகும் ஐந்து செட் ஆடி முடித்த ஞானதீபம். திரும்பியே பார்க்காமல் முதுகுக்குப் பின்னால் பந்து போட்ட வாசுகி. கண்ணை ஒரு பக்கம் காட்டி, பந்தை மறுபக்கம் கொடுத்த மெகருன்னிசா.

முன்பு அங்கே செட்டர்களாக இருந்த இந்த மூன்று பேரும், இப்போதைய செட்டர் ஜெசிந்தாவுக்கு மனப்பாடம். மூன்று பேரைப் போலவும் போட்டுப் பழகினாள்.

இறுதி ஆட்டம் வந்தது. கடைசி செட். பதின்மூன்றுக்குப் பதின்மூன்று.

ஜெசிந்தா வாசுகியைப் போல முதுகுக்குப் பின்னால் போட்டாள். அழகான பந்து. அங்கே ஆள் இல்லை.

எதிரணிக்குப் பதினான்கு. இன்னும் ஒன்று போனால் கோப்பை போய்விடும்.

மேடம் டைம் அவுட் கேட்டார். முப்பது விநாடி.

ஜெசிந்தா ஓடி வந்தாள்.

"மேடம், வாசுகி அக்கா இப்ப என்ன செஞ்சிருப்பாவ?"

மேடம் அவள் தோளைப் பிடித்துத் திருப்பினார். எதிரே, பந்தை அடிக்கிற பேச்சியம்மா நின்றாள். நல்ல உயரம். வாய் திறந்து பேசாத பெண்.

"இவளுக்குப் பந்து எங்க வேணும்?"

ஜெசிந்தா விழித்தாள். மூன்று மாதமாகச் சேர்ந்து ஆடுகிறார்கள்.

"தெரியலை மேடம்."

"அவகிட்ட கேளு. எங்கிட்ட ஏன் கேக்க?"

பத்து விநாடிதான் பாக்கி. ஜெசிந்தா கேட்டாள்.

பேச்சியம்மா தரையைப் பார்த்தபடி சொன்னாள். "நீ வலையோட ஒட்டி ஒட்டிப் போடுத. எனக்குக் கை வீச இடமில்லை. ஒரு முழம் தள்ளிப் போடு. நல்லா உயரமா."

விசில் ஊதினார்கள்.

எதிரணியின் சர்வீஸ் வந்தது. பின்னால் நின்றவள் எடுத்தாள். ஜெசிந்தா பந்துக்கு அடியில் போய் நின்றாள். ஒரு முழம் தள்ளி, உயரமாக.

பேச்சியம்மா எழும்பினாள்.

பந்து விழுந்த இடத்தில் புழுதி கிளம்பியது.

பதினான்குக்குப் பதினான்கு.

அடுத்ததும் அவளுக்கே. பதினைந்து. இரண்டு புள்ளி முந்தினால்தான் வெற்றி.

எதிரணியில் இரண்டு பேர் கையைத் தூக்கிக்கொண்டு பேச்சியம்மாவை மறித்து நின்றார்கள். ஜெசிந்தா மறுபடியும் அவளுக்கே போட்டாள். அந்த நாலு கைக்கும் மேலே போய் அடித்தாள் பேச்சியம்மா.

பதினாறு.

மைதானமே எழுந்து நின்றது. "பேச்சி! பேச்சி!" என்று கத்தியது. அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு போனார்கள்.

மேடம் மெல்ல நடந்து ஜெசிந்தாவின் பக்கத்தில் வந்து நின்றார்.

"உன் பேரை ஒருத்தரும் சொல்லலியே?"

ஜெசிந்தா காதில் அது விழவே இல்லை. தொண்டை கிழிய அவளும் பேச்சியின் பெயரைத்தான் கத்திக்கொண்டிருந்தாள்.