படி அளந்த புலவர்

ஏலவனம் என்ற நாட்டை ஒரு காலத்தில் வச்சிரகேது என்று ஒரு ராஜா ஆண்டுவந்தார். நல்லவர்தான். ஆனால் வாயிலிருந்து ஒரு சொல் விழுந்துவிட்டால் அதைத் திரும்ப எடுக்கவே மாட்டார். ஒருமுறை "இன்று மழை பெய்யும்" என்று சொல்லிவிட்டார். வெயிலோ மண்டையைப் பிளந்தது. சேவகர்கள் மாடியில் ஏறிக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்ற, ராஜா கீழே குடை பிடித்துக்கொண்டு நடந்தார்.

அவர் சபையில் நாகலிங்கப் புலவர் என்று ஓர் இலக்கணப் புலி. மனைவி வேலம்மை உப்பு வாங்கிவரச் சொன்னால், உப்பு என்பது குற்றியலுகரம் என்று வாசலில் நின்று விளக்குவார். உப்பு மட்டும் வராது. பொறுத்துப் பொறுத்துப் பார்த்த வேலம்மை, தவழ்ந்துகொண்டிருந்த மகள் மயிலியைத் தூக்கிக்கொண்டு தனிவீடு போய்விட்டாள். வழக்கு சபைக்கு வந்தது.

"புலவர் மாதாமாதம் பிள்ளைக்குப் படியளக்க வேண்டும். பௌர்ணமிதோறும் போய்ப் பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்றார் ராஜா.

தீர்ப்பு நல்ல தீர்ப்புதான். ஆனால் அதை ராஜா காதில் ஓதியது அமைச்சர் திருமேனியார் என்று புலவருக்குச் சந்தேகம். அமைச்சரைக் கண்டாலே அவருக்கு வயிறு எரியும். "பார்க்கிறேன் ஒரு கை" என்று கிளம்பினார்.

மாதம் பிறந்ததும் கையில் கயிற்றோடு வந்தார். வேலம்மை வீட்டு வாசற்படிகளை நீளம், அகலம், உயரம் என்று அளந்தார். "படி அளந்தாயிற்று" என்று போய்விட்டார். பௌர்ணமி வந்தது. தெருவில் நின்றபடி பிள்ளையை இமைக்காமல் பார்த்தார். "பார்த்துக்கொண்டாயிற்று" என்று திரும்பிவிட்டார். இதே கூத்து மாதாமாதம் நடந்தது. வேலம்மை ஊராருக்கு நூல் நூற்றுக் கொடுத்துப் பிள்ளையை வளர்த்தாள். மயிலி நடந்தாள், பேசினாள். ஒரு மழைக்காலத்தில் நூற்பதற்குப் பஞ்சு இல்லை, வீட்டில் அரிசியும் இல்லை. வேலம்மை மறுபடி சபைக்கு வந்தாள்.

கதையைக் கேட்ட ராஜா கிரீடம் சரியும் அளவுக்குச் சிரித்தார். "என்ன சொல்நயம்" என்று புலவருக்குப் பட்டுச் சால்வையே போர்த்திவிட்டார். "நான் சொன்ன சொல்லை மாற்ற முடியாதம்மா."

"சிரிங்க மகாராஜா. ராத்திரி பசியில பிள்ளை அழறப்ப எனக்குச் சிரிப்பு வரல" என்றாள் வேலம்மை.

திருமேனியார் எழுந்தார். "அரசே, தங்கள் சொல்லில் ஓர் எழுத்தும் மாறக் கூடாது. புலவர் கண்ட பொருளே இனி நாடெங்கும் பொருள் என்று ஆணையிட வேண்டும்."

"அப்படியே ஆகட்டும்" என்றார் ராஜா. வேலம்மை அமைச்சரை முறைத்துவிட்டுப் போனாள். புலவர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். புலவர் அடுப்பு எரிவதே அரண்மனை அரிசியில்தான். "புலவருக்கு அரண்மனை தினமும் படியளக்கும்" என்று ராஜா எப்போதோ வாக்குக் கொடுத்திருந்தார். மறுநாள் காலை அரிசிக்குப் பதில் இரண்டு கொத்தனார்கள் கயிற்றோடு வந்து புலவர் வீட்டுப் படியை அளந்தார்கள்.

"அரிசி எங்கேயப்பா?"

"படியளக்கச் சொன்னாங்க, அளந்துட்டோம். மேல்படி மட்டும் கொஞ்சம் கோணலா இருக்கு சாமி."

அடுத்த நாளும் கயிறுதான் வந்தது. அதற்கடுத்த நாள் புலவர் சுவரைப் பிடித்துக்கொண்டு சபைக்கு வந்தார்.

"ஏன் வாடிப்போயிருக்கிறீர்?" என்றார் ராஜா.

"கவலை வேண்டாம் அரசே, புலவரை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்ற திருமேனியார், ஒரு முக்காலியை இழுத்துப் போட்டுப் புலவர் முகத்தையே பார்த்தபடி உட்கார்ந்தார். புலவர் முகத்தைத் திருப்பினார். முக்காலியும் அந்தப் பக்கம் நகர்ந்தது. முதுகைக் காட்டினார். அமைச்சர் முக்காலியைத் தூக்கிக்கொண்டு சுற்றி வந்தார்.

"உயிர் போகிறது ஐயா, என்ன செய்கிறீர்?"

"பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

புலவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "படியளப்பது என்றால் அரிசி கொடுப்பதுதான். பார்த்துக்கொள்வது என்றால் சோறு போடுவது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது. போதுமா?"

"கேட்டீர்களா அரசே? பொருள் சொன்னவர் தங்கள் புலவர். தீர்ப்பில் ஓர் எழுத்தும் மாறவில்லை" என்றார் அமைச்சர்.

ராஜாவுக்கு முகம் சிறுத்துப்போனது. "ஒரு பிள்ளையின் பசிக்கா நான் சிரித்தேன்" என்று நொந்துகொண்டு, புலவர் தோளிலிருந்த சால்வையை எடுத்து அமைச்சருக்குப் போர்த்தினார். விட்டுப்போன அரிசியை எல்லாம் புலவரே மூட்டை மூட்டையாகத் தலையில் சுமந்துபோய்க் கொடுக்க வேண்டும் என்றார். அந்தச் சொல்லும் மாறாது.

அன்று பௌர்ணமி. ஊரே வேடிக்கை பார்க்க, புலவர் முதல் மூட்டையோடு வேலம்மை வீட்டு வாசலுக்கு வந்தார். மயிலி கதவருகில் நின்றிருந்தாள். அவரைப் பார்த்ததும் உள்ளே திரும்பிக் குரல் கொடுத்தாள்.

"அம்மா, கயித்து மாமா வந்திருக்காரு. இன்னிக்குக் கயிறு கொண்டாரல."

புலவருக்குக் கண்ணீர் வந்தது. துடைக்கவும் கை இல்லை, இரண்டு கையும் மூட்டையைப் பிடித்திருந்தன.

வேலம்மை வெளியே வந்தாள்.

"மாமா இல்லடி, உங்க அப்பா" என்றாள் மகளிடம். பிறகு அவரிடம், "மூட்டைய இறக்கிட்டு உலை வைங்க. பிள்ளைக்குப் பசிக்குது. நான் நூற்கப் பஞ்சு கேட்டுட்டு வரேன்" என்று சொல்லிவிட்டுத் தெருவில் இறங்கி நடந்தாள்.