கிணற்றடித் தெருவில் குடம் கொடுத்தது யார்?

வெள்ளந்திபுரத்துக்கு ஒரு சட்டசபை உண்டு. அதிலிருந்த அறிவாளிகளை எண்ண ஒரு விரலே அதிகம். தேர்தல் முடிந்த கையோடு அங்கே ஒரு புகார் வந்தது. ஜெயித்த மணவாளன் கிணற்றடித் தெருவில் வீட்டுக்கு ஒரு எவர்சில்வர் குடம் கொடுத்து ஓட்டு வாங்கிவிட்டாராம். விசாரிக்கக் குழு போட்டார்கள். தாண்டவமூர்த்தி தலைவர்; பொன்னுரங்கமும் ராக்காயி அம்மாளும் உறுப்பினர்கள்.

சபாநாயகர் கண்டிப்பாகச் சொல்லி அனுப்பினார்: “கேள்விப்பட்டதையெல்லாம் எழுதிக்கிட்டு வராதீங்க. கண்ணால பார்த்ததை மட்டும் எழுதுங்க. அறிக்கை நல்லா வந்தா, தாண்டவமூர்த்தி, உங்களுக்கு மந்திரி பதவி.”

அன்றிலிருந்து தாண்டவமூர்த்திக்குத் தூக்கம் போயிற்று. மந்திரியானால் காரில் முன்னால் உட்காருவதா, பின்னால் உட்காருவதா என்று ஒரே கவலை. பாவம், நல்ல மனுஷன்.

முதல் சாட்சி சொர்ணத்தாயி வாயைத் திறந்ததுமே தலைவர் பதறிப்போனார்.

“நிறுத்தும்மா! நீ சொன்னா அது நாங்க கேள்விப்பட்டதா ஆயிடுமே!”

மூவரும் கூடிக் கூடிப் பேசினார்கள். பிறகு காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார்கள். சொர்ணத்தாயி குடம் வந்த கதையை ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தாள். ‘சாட்சியின் வாய் அசைந்தது’ என்று பொன்னுரங்கம் எழுதிக்கொண்டார். அன்று மாலைக்குள் தெருவில் எல்லார் வாயும் அசைந்துவிட்டது.

பஞ்சை எடுத்ததும் ராக்காயி அம்மாளுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

“தேர்தல்தான் முடிஞ்சுபோச்சே, தலைவரே. முடிஞ்சதைக் கண்ணால எப்படிப் பார்க்கிறது?”

“குடம் கொடுக்கிறது இன்னொரு தடவை நடந்தாத்தான் உண்டு” என்றார் தலைவர்.

“யார் நடத்துறது?”

“மந்திரி ஆகப்போறவர்தான் நடத்தணும்” என்றார் பொன்னுரங்கம். “நாங்க பார்த்து எழுதுறோம்.”

இந்த நியாயம் தாண்டவமூர்த்திக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. சொந்தச் செலவில் ஒரு லாரி குடத்தை இறக்கி, தெருமுனையில் நின்று, கும்பிட்டுக் கும்பிட்டுக் கொடுத்தார். “மறந்துடாதீங்கம்மா, ஓட்டு எனக்கு!” என்று உருக்கமாகக் கேட்கவும் செய்தார். விசாரணை என்றால் அரைகுறையாகச் செய்யலாமா? உறுப்பினர்கள் இருவரும் கண்கொட்டாமல் பார்த்து எழுதினார்கள்.

அறிக்கையைப் படித்த சபாநாயகருக்கு வேர்த்துக் கொட்டியது.

“கும்பிட்டுக் கும்பிட்டுக் குடம் கொடுத்தவர் தாண்டவமூர்த்தின்னுல்ல போட்டிருக்கு! மந்திரி பதவியாவது, மண்ணாவது! இருக்கிற பதவியும் போகப்போகுதுய்யா!”

தாண்டவமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. “உண்மையைத்தானேங்க எழுதியிருக்கோம்? வேணும்னா மணவாளனையே கேளுங்க. அவரும் வரிசையில நின்னு என்கிட்ட ஒரு குடம் வாங்கினாரு.”

“மணவாளனா? அவருக்கு எதுக்குக் குடம்?”

“பாவங்க அவரு. இருந்த குடத்தையெல்லாம் ஓட்டுக்காக இந்தத் தெருவுக்கே கொடுத்துட்டாராம். வீட்ல தண்ணி பிடிக்க ஒண்ணுகூட இல்லேன்னு அவரே அழுதாரு.”

சபாநாயகர் நாற்காலியை விட்டுத் துள்ளி எழுந்தார். “யோவ், இதை ஏன்யா அறிக்கையில எழுதல?”

“அதெப்படிங்க எழுதுறது?” என்றார் தாண்டவமூர்த்தி. “அது கேள்விப்பட்டதாச்சே! ‘மணவாளன் அழுதார்’னு மட்டும் எழுதியிருக்கோம், பாருங்க.”