தவளையின் தொண்டையைத் தட்டுகிறவன்

அந்தக் காலத்தில், குளத்து உயிர்களெல்லாம் வாய்விட்டுப் பேசிக்கொண்டிருந்தபோது, கரிச்சி என்ற தலைப்பிரட்டையின் தலைக்குள் இரண்டு மேளக்காரர்கள் குடியிருந்தார்கள். மூத்தவன் செவுளான். அவன் தொண்டைப் பக்கம் தட்டத் தட்டக் கரிச்சியின் வாய்வழியே தண்ணீர் புகுந்து செவுள்வழியே வெளியேறும். அதுதான் அவளுக்கு மூச்சு. இளையவன் காத்தான். அவன் மடியிலும் ஒரு மேளம் இருந்தது. தட்டத்தான் முறை வரவில்லை.

செவுளானுக்கு அவனைக் கண்டாலே ஆகாது. தண்ணீருக்குள் காத்துக்கு என்ன வேலை? இப்படி ஒரு பெயரை வைத்துக்கொண்டு ஒருவன் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தால் யாருக்குத்தான் சந்தேகம் வராது?

காத்தான் எப்போதாவது கை அரித்து ஒரு தட்டுத் தட்டிவிடுவான். கரிச்சி விருட்டென்று மேலே போய் ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு வருவாள்.

"ஏலே, கைய எடு! என் இடத்தப் பிடிக்கப் பாக்கியா?"

"இல்லண்ணே, சும்மா பழகிப் பாத்தேன்."

"பழகுதானாம்! திருட்டுப் பய."

அன்றே செவுளான் ஒரு பாசிக்கொடியை எடுத்துக் காத்தானின் கைகளை இறுக்கிக் கட்டிவிட்டான்.

அதற்குப் பிறகுதான் ஒவ்வொன்றாகக் காணாமல் போக ஆரம்பித்தது. முதலில் வாலில் ஒரு விரற்கடை குறைந்தது. அடுத்துச் செவுள் சுருங்கியது. கேட்காமலே கால்கள் வேறு முன்னமே முளைத்து நின்றன. செவுளான் கட்டை அவிழ்த்துப் பார்த்தான், திரும்பவும் கட்டினான். முடிச்சு முடிச்சாகவே இருந்தது. கட்டிப்போட்டவன் எப்படித் திருடுவான்? எப்படியோ திருடுகிறான், அவ்வளவுதான்.

"வால என்னல செஞ்ச?"

"அது தானாக் கரையுதுண்ணே. கரிச்சி வளந்துட்டு வாரா."

"வளந்தா கூடத்தானல செய்யும்? எவனாவது வளந்து குறைவானா?"

காத்தான் கட்டிய கையோடு மடியிலிருந்த மேளத்தைப் பார்த்தான். அது செவுளானின் சந்தேகத்தை இன்னும் கூட்டியது.

அந்தக் கோடையில் குளம் வற்றியது. கரிச்சி நாலு காலையும் ஊன்றிச் சேற்றைத் தாண்டிக் கரையேறினாள். செவுளான் தட்டினான். தண்ணீர் வரவில்லை. ஓங்கித் தட்டினான். மிச்சமிருந்த செவுளும் ஒட்டிப்போய்விட்டது.

"மூச்சு முட்டுதே! உள்ள யாருமே இல்லியா?" என்று கரிச்சி அலறினாள். அவள் கண் செருகியது.

"அண்ணே, கட்ட அவுத்துவிடும்! நெஞ்சுக்குள்ள ரெண்டு பை இருக்கு. நான் தட்டுனா விரியும்."

"அவுத்தா நீ எல்லாத்தையும் எடுத்துக்குவ."

"எடுக்க என்னண்ணே மிச்சமிருக்கு? அவ சாவப்போறா!"

செவுளானின் கை மேளத்தில் நின்றது. இத்தனை நாளும் தட்டியது தன் இடத்துக்காகவா, இவளுக்காகவா? வெட்கம் பிடுங்கித் தின்றது. பல்லால் கடித்து முடிச்சை அறுத்தான்.

காத்தான் ஒரே ஒரு தட்டுத் தட்டினான். கரிச்சியின் மூக்குவழியே காற்று இறங்கி, விலாப் புடைத்தது. அவள் கண் திறந்தாள்.

செவுளான் அழுதேவிட்டான். காத்தான் என்றால் காத்து என்றுதான் இத்தனை காலமும் நினைத்திருந்தான். காப்பாற்றினவனுக்கும் அதே பெயர்தான் என்பது அப்போதுதான் உறைத்தது.

ஆனாலும் அவன் மேளத்தைக் கீழே வைக்கவில்லை. டுப், டுப், டுப் என்று தொண்டையிலேயே மெதுவாகத் தட்டிக்கொண்டிருந்தான்.

"இனி என்னத்துக்குண்ணே தட்டுதீரு? செவுள்தான் போயிட்டே."

"நீ பாட்டுக்கு ஒரு தட்டுத் தட்டிட்டுக் கைய மடக்கி உக்காந்திருக்க. அடுத்தத மறந்துட்டன்னா?"

"மறக்க மாட்டேன்."

"எனக்கென்னல தெரியும்?" என்ற செவுளான், தம்பியின் கையிலிருந்து கண்ணை எடுக்காமல் தட்டினான்.

அன்று முதல்தான், கரையில் சும்மா உட்கார்ந்திருக்கும் தவளைக்கு எப்போதோ ஒரு தரம்தான் விலாப் புடைக்கிறது. தொண்டை மட்டும் ஓயாமல் துடித்துக்கொண்டே இருக்கிறது.